நூலக மென்பொருள் மதிப்புரை: ஆசிரியரிடம் கேளுங்கள்

நூலகத் தொழில்நுட்பத்துக்கான மதிப்புரை இதழ் ஒன்றுக்குப் பல வருடமாக ஆசிரியராக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில்.

கே: எந்த நூலக மென்பொருள் சிறந்தது?
எத்தனை நூல்கள், எத்தனை கிளைகள், நூல் பட்டியலின் பழைய பதிவுகள் எந்த வடிவில் உள்ளன? இவை தெரியாமல் பதில் சொன்னால் அது ஜோசியம்.

கே: முதல்முறையாக மதிப்புரை எழுதப் போகிறேன். நிறுவனம் காட்டிய டெமோ அருமை. எங்கே தொடங்குவது?
அந்த டெமோவை மறப்பதில் தொடங்குங்கள். அதில் இருக்கும் பதிவுகள் எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள். நான் அடங்காத பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்: ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு நூல் பதிப்புக்கும் தரப்படும் தனி எண்) இல்லாத பழைய நூல், 10 இலக்க எண் மட்டும் உள்ள நூல் (13 இலக்கம் வந்தது 2007-இல்தான்), மூன்று முறை பெயர் மாறிய பருவ இதழ், ஒரே தலைப்பில் ஏழு தொகுதிகள்.

தமிழ் நூல்கள் இருந்தால் இன்னொரு சோதனை. யூனிகோடில் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடல் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காவிட்டால் அலமாரியில் இருக்கும் நூலைக்கூட ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

அப்புறம், உள்ளே போட்டதை மார்க் 21 வடிவில் (நூலகங்கள் நூல் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம்) வெளியே எடுத்துப் பாருங்கள். நூலகமே சேர்த்த உள்ளூர்க் குறிப்புகள்தான் பெரும்பாலும் முதலில் உதிரும். வெளியே வராத தரவு உங்களுடையதல்ல. பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்.

கே: கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம்தானே, அதற்கு எதற்கு மதிப்புரை?
இலவசம் உரிமம் மட்டும்தான். சர்வர், பதிவுகளை மாற்றும் வேலை, பயிற்சி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்கள் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கமாக மட்டும் வைத்த மென்பொருள்கள் குழம்பும் என்ற 2000-ஆம் ஆண்டுச் சிக்கலுக்குப் பயந்து, பழைய மென்பொருளுக்குப் பதிலாக எழுதச் சொன்னது அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அன்பளிப்பாக வந்த யானைக்கும் தீனி போட வேண்டும்.

கே: எது பெஸ்ட் சார்?
முதல் பதிலைப் பாருங்கள்.

கே: அச்சாகுமுன் மதிப்புரையை நிறுவனத்துக்குக் காட்டலாமா?
வெர்ஷன் எண், விலை முறை, ஆதரிக்கும் தரநிலைகள் ஆகியவற்றைச் சரிபார்க்க அனுப்பலாம். தீர்ப்பை அனுப்பக் கூடாது.

கே: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். நீங்கள் குறை சொல்லி இதழ் வருவதற்குள் நாங்கள் அதைச் சரிசெய்திருப்போம். முழுதும் காட்டுவதுதானே நியாயம்?
பாதி நியாயம். அதனால்தான் சோதித்த வெர்ஷனையும் தேதியையும் முதல் வரியிலேயே போடுகிறோம். ஒருமுறை முழு மதிப்புரையையும் காட்டிப் பார்த்தேன். ‘தேடல் மெதுவாக இருக்கிறது’ என்று போனது, ‘தேடல் நிதானமாக இயங்குகிறது’ என்று திரும்பி வந்தது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

கே: (அவரே) அப்படியானால் எங்கள் தரப்பு?
அதே இதழில், வெட்டாமல், மதிப்புரைக்குக் கீழேயே வரும். ‘சரிசெய்துவிட்டோம்’ என்றால் மறுபடி சோதிப்பேன். ‘சரிசெய்யப் போகிறோம்’ என்பதை மதிப்பிட என்னிடம் கருவி இல்லை.

கே: (இன்னொருவர் குறுக்கிட்டு) நிறுவனச் செலவில் பயணம் போய்வந்தவரே மதிப்புரை எழுதினால்?
அந்த மென்பொருளை அவருக்குத் தர மாட்டேன். பிறகு தெரியவந்தால் அடுத்த இதழில் அதைச் சொல்லிவிடுவேன். இருவரும் இதைத் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: நூலில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு (ரேடியோ அலையால் படிக்கப்படுவது) எத்தனை வருடம் உழைக்கும்?
வன்பொருள் என் துறை அல்ல. சில்லில் எழுதும் தரவு நூலகச் சில்லுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 28560 என்ற பன்னாட்டுத் தரநிலையைப் பின்பற்றுகிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடமே மாட்டிக்கொள்வீர்கள். தரவு வெளியே வர வேண்டும் என்றேனே, அதே கதை.

கே: சிறிய நூலகத்துக்கு எது நல்லது?
மூன்றாவது முறை. எத்தனை நூல்கள்?

கே: அந்த அடங்காத பதிவுகளை எங்களுக்கும் தருவீர்களா?
தர மாட்டேன். வெளியே போனால் டெமோக்காரர்கள் அவற்றுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அழைத்து வருவார்கள். உங்கள் நூலகத்தில் பட்டியல் தயாரிப்பவரைக் கேளுங்கள், அவரைப் படுத்திய நூல்களை வரிசையாகச் சொல்வார்.