கேளுங்க, சொல்றேன்: லயத்து கான்ல இருந்து கடல் வரைக்கும்

போன மாசம் இந்தப் பக்கத்துல கடல்ல சேர்ற பிளாஸ்டிக் பத்தி நாலே நாலு வரி எழுதினேன், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலுக்கு குப்பை லொறி அனுப்பாதவங்களச் சாடி. அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப் மெசேஜும் பார்த்தா பாதிக்கு மேல மலைநாட்டுல இருந்துதான், அதுலயும் பாதி திட்டு. சரி திட்டுங்க, பரவாயில்ல, திட்டுக்குள்ளயும் நல்ல கேள்வி இருந்திச்சு. இந்த மாசம் முழுக்க அதுதான்.

கேள்வி: அக்கா, நான் இத்தன வயசுக்கு கடல பார்த்தது ரெண்டே தடவ. ஒண்ணு முன்னேஸ்வரம் போனப்ப, இன்னொண்ணு தம்பிய வெளிநாட்டுக்கு அனுப்ப எயார்போர்ட் போயிட்டு அப்படியே நீர்கொழும்பு பார்த்திட்டு வந்தப்ப. நாங்க இருக்கிறது எங்கயோ மேல. எங்க லயத்து சொப்பிங் பேக்குக்கும் கடலுக்கும் என்னா சம்பந்தம்? (டிக்கோயா வாசகி)

பதில்: தங்கச்சி, உங்க பீலிக் குழாயடியில தொவச்ச தண்ணி எங்க போகுதுன்னு ஒரு நாளாவது பின்னாடியே நடந்து பார்த்திருக்கீங்களா? லயத்து கான் வாய்க்கால், அங்க இருந்து தேயிலைக்குள்ள வெட்டின கான், அப்புறம் ஓடை, அப்புறம் காசல்ரீ நீர்த்தேக்கம். அணையத் தாண்டி கெஹெல்கமு ஓயாவா நோர்ட்டன் பக்கம் இறங்கி, கித்துல்கல கிட்ட மஸ்கெலியா ஓயாவோட சேர்ந்து களனி கங்கையா போய், கொழும்பு சனம் குடிக்கிற தண்ணிய அம்பத்தலையில எடுக்கிறாங்களே அந்த இடத்தையும் கடந்து முகத்துவாரத்துல கடல்ல விழுது. களனியோட மொத்த நீளமே 145 கிலோமீட்டர்தான். நீங்க கடல பார்த்தது ரெண்டு தடவதான், உங்க கான் தண்ணி தினமும் போய் பார்த்திட்டு இருக்கு.

தலவாக்கலைக்காரங்க வீசினா கதை வேற, அது கொத்மலை ஓயா வழியா மகாவலியில சேர்ந்து, 335 கிலோமீட்டர் ஓடுற அந்த ஆத்தோட நாட்டைச் சுத்திக்கிட்டு மூதூர் பக்கம் கொட்டியாரக்குடாவுக்குப் போகுது. ஹோட்டன் சமவெளியோட தெக்குப் பக்கம் வழியிற தண்ணி வளவை கங்கையா அம்பலாந்தோட்டைக்குப் போகுது. ஒரே மழைதான் பெய்யுது, மேக்க கெழக்க தெக்கன்னு மூணு கடலுக்கும் நாமதான் தண்ணி அனுப்புறோம், கூடவே மத்ததையும்.

'நடுவுல அணை இருக்கே, பிடிச்சுக்காதா'ன்னு கேப்பீங்க. கொஞ்சம் பிடிக்கும். ஆனா சொப்பிங் பேக்கும் போத்தல் மூடியும் தண்ணியில மெதக்கிற சாதி. போத்தல் மூடியோட இருந்தா காத்து உள்ள நிக்கிறதால அதுவும் மெதக்கும், மூடி கழண்டு தண்ணி பூந்தா அந்த பெட் (PET) பிளாஸ்டிக் மூழ்கி சேத்துல படுத்துக்கும். தென்மேல் பருவத்துல மழை ஊத்தி அணையோட வான் கதவ திறந்தாங்கன்னா மெதக்கிற கூட்டம் அவ்வளவும் ஒரே நாள்ல கீழ இறங்கிடும். வான் கதவு திறந்த அடுத்த நாள் ஆத்தோரத்து மூங்கிலப் பாருங்க, தலை உயரத்துல துணி காயப்போட்ட மாதிரி பொலித்தீன் தொங்கும்.

நான் பீலிக்கரையில கவனிச்ச ஒண்ணு சொல்றேன். குளிக்க வர்றவங்க ஷாம்பு பக்கட்ட பல்லால கடிச்சுப் பிய்ப்பாங்க. தீந்த பக்கட்ட கல்லு இடுக்குல சொருகி வைப்பாங்க, அத நாளைக்கு யாராவது கூட்டி அள்ளலாம். ஆனா பல்லுல பிய்ஞ்ச அந்த மூலை, நகம் அளவு துண்டு, அத 'தூ'ன்னு துப்பினா நேரா தண்ணியிலதான். அத யாரும் கண்டதுமில்ல, பொறுக்கினதுமில்ல. முழுசா பிய்க்காம ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி கிழிச்சா அந்தத் துண்டு பக்கட்டோடயே நிக்கும். காசு செலவில்லாத வேலை, இன்னைக்கு சாயங்காலமே செய்யலாம்.

கேள்வி: நானும் ரெண்டு கூட்டாளிகளும் ஞாயித்துக்கிழமை ஓடைக்கரை குப்பைய பொறுக்குறோம். பேஸ்புக்ல போட்டா லைக் வருது, ஆள் வர்றதில்ல. ஊர்ல 'குப்பை பார்ட்டி'ன்னு பட்டம் வேற. எங்க மூணு பேரால என்னா ஆயிடப்போகுது, சனத்த எப்படி இழுக்கிறது? (மஸ்கெலியா, வயசு 22)

பதில்: தம்பி, முதல்ல என் மூக்கு உடைஞ்ச கதைய கேளு. சில வருஷத்துக்கு முன்ன எங்க தோட்டத்துல நாங்களும் பெருசா சிரமதானம் வச்சோம், பேனர் அடிச்சோம், நாப்பது பேர் வந்தாங்க, உரச்சாக்குல பதினோரு சாக்கு குப்பை சேர்ந்திச்சு. படம் எடுத்தோம். சாக்க ரோட்டோரம் அடுக்கி வச்சிட்டு லொறிக்கு சொல்லி அனுப்பினோம். லொறி இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு மூணு வாரம். நாய் இழுத்திச்சு, மழை பேஞ்சிச்சு, சாக்கு கிழிஞ்சிச்சு, கடைசியில பொறுக்கின அவ்வளவும் அதே ஓடைக்குத் திரும்பப் போச்சு. வந்த நாப்பது பேருக்கு தண்ணி போத்தலும் லஞ்ச் சீட்டுல சோறும் குடுத்தோம் பாரு, அதுவும் சேர்ந்து போச்சு. (லஞ்ச் சீட்ட 2017 செப்டம்பர்லயே தடை பண்ணிட்டாங்கன்னு அன்னைக்கு சோறு கட்டின எங்களுக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்.) அடுத்த தடவ கூப்பிட்டப்ப ஏழு பேர்தான் வந்தாங்க. வராதவங்க சோம்பேறிங்கன்னு அப்ப நெனச்சேன். இல்ல, அவங்க கணக்குப் பார்த்திருக்காங்க, செஞ்ச வேலை வீணாப் போனத கண்ணால பார்த்தவன் எதுக்கு திரும்ப முதுக வளைக்கணும்?

அதனால பொறுக்கிறதுக்கு முன்னாடியே சாக்கு எங்க போகும், யார் எந்த நாள் எடுப்பாங்கன்னு கேட்டு முடிச்சுக்கோ. இதுல நம்ம சனத்துக்குன்னே ஒரு பழைய வில்லங்கம் இருக்கு. 1987ஆம் வருஷத்து பிரதேச சபைகள் சட்டத்துல 33ஆவது பிரிவுன்னு ஒண்ணு, அத வச்சுதான் தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க ஏலாதுன்னு முப்பது வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க, டவுன் வரைக்கும் லொறி வரும், தோட்டத்து கேட்டோட திரும்பிடும். அந்தப் பிரிவ 2018ல திருத்தியாச்சு. இப்ப சட்டம் தடுக்குதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஓட்டு கேட்டு வந்த உங்க சபை உறுப்பினர்கிட்ட 'மாசம் ரெண்டு தடவ இந்த ரோட்டு முனைக்கு லொறி வேணும்'னு இடத்தையும் நாளையும் எழுதி, லயத்துல கையெழுத்து வாங்கிக் குடு. பேஸ்புக்ல கை தட்டுனவங்களுக்கும் இதுல வேலை இருக்கு, கையெழுத்து போடச் சொல்லு.

லொறி வர்ற வரைக்கும் குப்பைய பிரி. சுத்தமான பெட் போத்தல பழைய சாமான்காரங்க கிலோ கணக்குல எடுப்பாங்க, நசுக்கி மூடிய தனியா போட்டு வச்சா ஒரு சாக்குல எவ்வளவோ புடிக்கும். அந்தக் காச நீங்க மூணு பேரும் தொடாதீங்க, லயத்துப் புள்ளைங்களுக்கு கிரிக்கெட் பந்து வாங்குங்க. போத்தல் எங்கயெங்க கெடக்குதுன்னு உன்ன விட அவங்களுக்குத்தான் நல்லா தெரியும்.

சனத்த இழுக்கணும்னா ஓடைக்கு கூப்பிடாத, அவங்க ஏற்கனவே கூடுற இடத்துக்கு நீ போ. எங்க தோட்டத்துல மாரியம்மன் திருவிழாவுலதான் நெலம திரும்பிச்சு. தேர் அன்னைக்கு தண்ணிப்பந்தல்ல ஆயிரக்கணக்குல பிளாஸ்டிக் கப், சாமி லயத்த சுத்தி வர்றதுக்குள்ள கான் வெள்ளையாயிடும். கமிட்டியில ஒரு அம்மா எழும்பி 'வீட்டுக்கு ரெண்டு சில்வர் டம்ளர் தாங்க, அடியில பெயிண்ட்ல வீட்டு நம்பர் போட்டுக்கலாம், திருவிழா முடிய திருப்பித் தர்றோம்'னாங்க. அவ்வளவுதான், கடல் ஆமைன்னு ஒரு வார்த்த பேசல. டம்ளர் கழுவ ஆள் போட்டாங்க, கப்புக்கு போற காசு மிச்சமாச்சு, நாலு டம்ளர் காணாமப் போச்சு, அதுக்கு இன்னமும் ஒரு வீட்டம்மா என்னோட பேசுறதில்ல. ஆனா அதுக்குப் பிறகு வந்த ரெண்டு கல்யாணத்துக்கும் சடங்குக்கும் அந்த டம்ளர்தான் சுத்திச்சு.

'குப்பை பார்ட்டி' நல்ல பேருதான், டீசேர்ட்ல அடிச்சுக்கோ.

கேள்வி: 2021ல ஒரு கப்பல் எரிஞ்சு டொன் கணக்குல பிளாஸ்டிக் கொட்டிச்சே, அவன கேட்காம கொழுந்து பறிக்கிறவள சொப்பிங் பேக் போடாதன்னு சொல்ல வெட்கமா இல்லையா? (பதுளை)

பதில்: கோபம் நியாயம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே 20 கொழும்புக்கு அங்கால தீப்பிடிச்சு ஜூன் 2 கடல்ல மூழ்கிச்சு, அதுல இருந்த பிளாஸ்டிக் மணி மட்டும் 1,680 டொன் அளவு, பருப்பு மாதிரி சின்னச் சின்னதா கரை முழுக்க. நாம அத்தன பேரும் பேக் பாவிக்காம விட்டாலும் அதுக்கு ஈடாகாது. ஆனா 'அவன கேட்காம' விடல, மீனவங்களும் சுற்றாடல்காரங்களும் வழக்குப் போட்டு விடாம நின்னதுலதான் 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு குடுக்கச் சொல்லி தீர்ப்பு சொல்லிச்சு. கப்பல்காரன்கிட்டயும் கேக்கணும், நம்ம கானையும் பார்க்கணும், ரெண்டுக்கும் நம்மகிட்ட வாய் ஒண்ணு கை ரெண்டு இருக்கு. அப்புறம் நான் கொழுந்து பறிக்கிறவங்கள குத்தம் சொல்லல அண்ணே, போன மாச நாலு வரிய திரும்பப் படிங்க. அவங்க வீட்டு வாசலுக்கு லொறி அனுப்பாதவங்களத்தான் சொன்னேன்.

கேள்வி: பேக்க ஆத்துல போடுறதில்ல, அடுப்பு பத்த வைக்க எரிச்சிடுறேன். அது நல்லதுதானே? (பண்டாரவளை அம்மா ஒருத்தர்)

பதில்: இல்லம்மா. லயத்துக் காம்பராவுல அந்தப் புகை எங்க போகும், அடுப்புக்குப் பக்கத்துல படிக்கிற பேரப்புள்ள நெஞ்சுக்குத்தான். பிளாஸ்டிக்க இந்த மாதிரி கொறஞ்ச சூட்டுல எரிச்சா வர்ற புகை விஷம், பைப்பு, வயர் உறை மாதிரி பீவிசி கலந்திருந்தா டயொக்சின்னு சொல்ற நஞ்சு வேற. மிச்ச சாம்பல மரக்கறிப் பாத்திக்குப் போடுவீங்க. பத்த வைக்க காஞ்ச பைன் இலை ஒரு கை போதும், இல்லன்னா தேயிலை கவ்வாத்துல வெட்டின குச்சி, அதத்தான் நம்ம அம்மாமார் செஞ்சாங்க. பேக்க கழுவிக் காயப்போட்டு திரும்பப் பாவிங்க. 2025 நவம்பர்ல இருந்து கைப்பிடி வச்ச பேக்க கடையில சும்மா தரப்படாதுன்னு சட்டமும் வந்திருக்கு, இனி அது சல்லிக்கு வாங்கின சாமான்தான்.

கேள்வி: மரக்கறித் தோட்டத்துல பூச்சி மருந்து போத்தல் குமிஞ்சு கெடக்கு, என்னா செய்ய? (நுவரெலியா)

பதில்: ஓடையில கழுவாதீங்க, அதுதான் முதலாவது. மருந்து தீந்தவுடன கொஞ்சம் தண்ணி ஊத்திக் குலுக்கி அத மருந்தடிக்கிற டாங்கிக்குள்ளயே ஊத்துங்க, மூணு தடவ. காசு குடுத்து வாங்கின மருந்தும் வீணாகாது. அப்புறம் அடியில ஓட்டை போட்டுடுங்க, யாரும் தண்ணி புடிக்க எடுத்திட்டுப் போயிடக்கூடாது.

கேள்வி: டீ பேக்ல பிளாஸ்டிக் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க, உண்மையா? (தலவாக்கலை மாணவி)

பதில்: சிலதுல இருக்கு. கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல 2019ல நைலோன், பெட் பைகள கொதி தண்ணிக் கோப்பையில போட்டுப் பார்த்து, ஒரு பையில இருந்து ஆயிரம் கோடிக்கு மேல நுண் துணிக்கை வருதுன்னாங்க. அவ்வளவு இல்ல, எண்ணினது கூடுதல்னு சொல்ற விஞ்ஞானிகளும் இருக்காங்க. நீங்க பயப்பட வேணாம், நம்ம வீட்டுல டஸ்ட்டு போட்டு வடிச்சுத்தானே குடிக்கிறோம். நல்ல இலைய கப்பல்ல ஏத்தி விட்டுட்டு தூசிய நாம குடிக்கிறோம்னு தாத்தா பொலம்புவாரு, இந்த ஒரு விஷயத்துல லாபம் நமக்கு.

கேள்வி: நான் நல்லதண்ணியில, சிவனொளிபாத மலை ஏறுற பாதையில, யாத்திரை சீசன் கடை போடுறவன். தண்ணி போத்தல் வித்துத்தான் புள்ளைங்கள படிக்க வைக்கிறேன். நீங்க எழுதறத பார்த்தா என் வயித்துல அடிக்கிற மாதிரி இருக்கு.

பதில்: அண்ணே, உங்க கடுதாசியத்தான் ரெண்டு தடவ படிச்சேன். மார்கழிப் பௌர்ணமியில இருந்து வெசாக் வரைக்கும் மலைக்கு வர்ற சனத்துக்கு தண்ணி வேணும், அத யாராவது விக்கத்தான் வேணும். விக்காதீங்கன்னு என்னால சொல்ல ஏலாது. ஆனா வெறும் போத்தல் உருண்டு விழுற ஓடை மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குத்தானே போகுது, அது நீங்க குடிக்கிற தண்ணியும்தான். ஒண்ணு ரெண்டு செஞ்சு பார்க்கலாம். கொதிக்க வச்சு ஆறின தண்ணிய ஒரு பெரிய பானையில வச்சு, அவங்க கொண்டு வர்ற போத்தல்லயே நிரப்பிக் குடுத்து சல்லி வாங்குங்க, புது போத்தல் வாங்கி விக்கிறத விட உங்களுக்கு மிஞ்சும். வித்த போத்தல் மூடியில பெயிண்ட்டால ஒரு புள்ளி வச்சு, இறங்கி வர்றப்ப வெறும் போத்தல திருப்பிக் குடுத்தா பிளேன்டீக்கு பத்து ரூவா கொறைச்சுக்குங்க. மலை இறங்கி கால் நடுங்கி வர்ற ஆள் உங்க கடையிலதான் உக்காருவான், பக்கத்துக் கடைக்கு போகமாட்டான்.

இந்த டிசம்பர்ல நானும் ஏறலாம்னு இருக்கேன், முட்டி ஒத்துழைச்சா. அடையாளம் சொல்லி எழுதுங்க, உங்க கடைக்குத்தான் வருவேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, கிளாஸ்ல.