குருவிக்கு இறைத்த அரிசி

அன்புள்ள அக்கா,

எங்களுக்குப் பாம்பன் பக்கம். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை. போன வாரம் ‘பாரதி’ படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். பாரதி வீட்டு அரிசியைக் குருவிகளுக்கு இறைக்கிற இடம் வந்ததும், “பிள்ளைக்குக் கஞ்சி இல்லாம குருவிக்குப் போடுறவன் என்ன மனுசன்?” என்று எழுந்து போய்விட்டார். எனக்கு ஆறவில்லை. அவருக்கு மகாகவியை எப்படி விளங்க வைப்பது?

அன்புள்ள தம்பி,

விளங்க வைக்க வேண்டாம். அம்மா அந்த இடத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

உங்கள் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் ஒருநாள், பாசி எடுத்துக் கரையேறிய ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, பாறை கிழித்த கோடுகள். அந்தக் கையால் சம்பாதித்து அரிசி வாங்குகிறவருக்கு ஒரு படி எத்தனை வேளைக்கு வரும் என்று தெரியும். உங்கள் அம்மா, பாரதியின் மனைவி செல்லம்மாளின் பக்கம் நின்று படம் பார்த்திருக்கிறார். நாம் பாரதி பக்கம் நின்றே பார்த்துப் பழகிவிட்டோம்.

செல்லம்மாளும் இதை மூடி மறைக்கவில்லை. 1951-இல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றிப் பேசியபோது, கவிஞனுக்கு மனைவியாக இருப்பது மிகவும் கஷ்டம் என்றே சொன்னார். அந்தப் பேச்சைத் தேடிப் படியுங்கள், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அன்பும் ஆற்றாமையும் ஒரே மூச்சில் வரும்.

2000-இல் ஞான ராஜசேகரன் எடுத்த படம் அது. பாரதியாக வரும் சாயாஜி ஷிண்டே மராத்திக்காரர் என்பதே எனக்கு மறந்துபோனது, அப்படி நடித்திருப்பார். செல்லம்மாளாக வரும் தேவயானியும் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. 1921 செப்டம்பரில், ஒரு சிலர் மட்டும் பின்னால் நடந்த அந்த இறுதி ஊர்வலத்தில் படம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய கதை. சாவதற்கு முந்தைய வருடம் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக அச்சிட பாரதி திட்டம் போட்டு, பண உதவி கேட்டு ஊரெல்லாம் கடிதம் எழுதினார். அந்தப் புத்தகங்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அவர் போன மறுவருடமே, 1922-இல், ‘பாரதி ஆசிரமம்’ என்ற பெயரில் ‘சுதேச கீதங்க’ளை வெளியே கொண்டுவந்தவர் செல்லம்மாள். குருவி தின்றது போக மிச்சமிருந்ததை வைத்து உலை வைத்த அதே பெண். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். எழுந்து போனவர் திரும்பி வந்து உட்காரக்கூடும்.

அப்புறம் ஒன்று. ஒரு நாவலாசிரியரைப் பற்றிப் படம் எடுத்தால் அவர் எழுத்தைத் திரையில் காட்ட வழியில்லை, மேசையும் பேனாவும்தான் காட்டலாம். பாரதி எழுதியது பாட்டு. அது காதில் விழுந்துவிடும். இளையராஜா இசையில் ‘நிற்பதுவே நடப்பதுவே’ வருகிறதே, அதை அம்மா சாயங்காலம் மணலில் பாசி உலர்த்தும்போது போட்டுவிடுங்கள். யார் பாட்டு என்று சொல்ல வேண்டாம். பாரதியின் இன்னொரு பாட்டில் வரும் ‘காக்கை குருவி எங்கள் ஜாதி, நீள் கடலும் மலையும் எங்கள் கூட்டம்’ என்ற வரியை மட்டும் நீங்களே வாயால் சொல்லுங்கள். குருவியைப் பற்றி இன்னொரு தடவை திட்டினாலும் திட்டுவார். கடலைப் பற்றி என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.