வீடு கட்டும் நிறுவனம் தொழிற்சாலை தொடங்குகிறது: மகளின் படிப்புப் பணத்தை அதன் பங்கில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. வீடு கட்டி விற்கும் ஒரு நிறுவனத்தின் பங்குகளை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். என் மொத்தச் சேமிப்பில் அது பத்தில் ஒரு பங்கு. இனி சுவர், தளம், குளியலறை எல்லாவற்றையும் சொந்தத் தொழிற்சாலையில் தயாரித்து, மனைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தப் போவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. கட்டும் காலம் பாதியாகும், லாபம் கூடும் என்கிறார்கள். மகள் மூன்று வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். அவள் படிப்புக்காக வைத்திருக்கும் வைப்புத் தொகையை எடுத்து, விலை ஏறுவதற்குள் இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வைப்புத் தொகையைத் தொடாதீர்கள். மூன்று வருடத்தில் கட்டாயம் தேவைப்படும் பணத்தை, எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும், ஒரே நிறுவனத்தின் பங்கில் போடக் கூடாது. அது ஒரு பக்கம். கையில் இருக்கும் பங்கை என்ன செய்வது என்பதற்குத் தொழிற்சாலையின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வீட்டின் பகுதிகளைத் தொழிற்சாலையில் செய்து மனையில் பொருத்தும் இந்த ப்ரீஃபேப் நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். நீண்ட இரும்பு மேசையில் கம்பி வலையை விரித்து, சுவிட்ச் பெட்டிகளையும் குழாய்களையும் அதனதன் இடத்தில் கட்டி, மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். மறுநாள் காலை மேசையைச் சாய்த்து, கிரேனால் முழுச் சுவரையும் தூக்கினார்கள். சன்னல் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. கட்டி முடித்த சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கும் வேலையே கிடையாது. மழை பெய்தாலும் வேலை நிற்காது.

அப்புறம் பின்பக்க யார்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வரிசை வரிசையாகச் சுவர்கள் இரும்புச் சட்டங்களில் சாய்ந்து நின்றன. பலவற்றில் தூக்குகிற கொக்கி துருப்பிடித்திருந்தது. மனையில் அஸ்திவார வேலை முடியவில்லை, அதனால் அனுப்ப முடியவில்லை என்றார் மேலாளர். சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் அங்கே சும்மா நின்றது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலீட்டாளராக நான் அன்று பார்த்த முக்கியமான இடம் அந்த யார்டுதான்.

பழைய முறையில் கட்டும் நிறுவனத்துக்கு ஒரு வசதி உண்டு. வீடு விற்காவிட்டால் அடுத்த கட்ட வேலையைத் தொடங்காமல் இருந்துவிடலாம். ஒப்பந்தக்காரரைக் கூப்பிட மாட்டார்கள், பொருள் வாங்க மாட்டார்கள். வேலை இழப்பவர்களுக்கு அது கொடுமை, ஆனால் நிறுவனம் பிழைத்துக்கொள்ளும். தொழிற்சாலையை அப்படி நிறுத்திவைக்க முடியாது. இயந்திரத்தின் தேய்மானம், கட்டடச் செலவு, நிரந்தர ஊழியர் சம்பளம், கடன் வட்டி எல்லாம் ஒரு வீடு போனாலும் ஆயிரம் வீடு போனாலும் ஒன்றுதான். வீட்டுச் சந்தையோ வட்டி விகிதம் ஏறினாலே படுத்துவிடும்.

எண்ணை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். இவை நானாக வைத்துக்கொள்ளும் எண்கள். ஒரு வீட்டின் விற்பனை விலை 100, அதில் லாபம் 15 என்று வைப்போம். ஆண்டுக்கு 1,000 வீடு செய்யும் தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடினால், அதன் நிலையான செலவு வீட்டுக்கு 5. அந்தச் செலவும் போக, பழைய முறையைவிட வீட்டுக்கு 2 மிச்சம். லாபம் 17 ஆகிறது, சந்தோஷம். விற்பனை 500 வீடாகக் குறைந்தால் அதே நிலையான செலவு வீட்டுக்கு 10 ஆகிவிடும். லாபம் 12. தொழிற்சாலையே இல்லாமல் இருந்திருந்தால் 15 கிடைத்திருக்கும். ஏறக்குறைய 715 வீட்டுக்குக் கீழே போனாலே அந்த மிச்சம் காணாமல் போகிறது. விற்பனை குறையும்போது வீட்டு விலையும் சேர்ந்து இறங்கும், அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கட்டும் காலம் பாதியாகும் என்பதையும் அப்படியே லாபமாக எண்ண வேண்டாம். வாடகைக்கு விடுவதற்காகக் கட்டுபவருக்கு, ஆறு மாதம் முன்னால் முடித்தால் ஆறு மாத வாடகை கூடுதல். விற்பவருக்கு அப்படி இல்லை. ஓர் இடத்தில் மாதம் பத்து வீடுதான் விலை குறையாமல் விற்கும் என்றால், இருபது வீடு முடித்து வைத்து என்ன பயன்? பிரிட்டனில் ஆலிவர் லெட்வின் தலைமையில் நடந்த அரசு ஆய்வு 2018இல் சொன்னதும் இதுதான்: பெரிய மனைகளில் கட்டும் வேகத்தைத் தீர்மானிப்பது, விலை பாதிக்காமல் சந்தை எவ்வளவு வாங்கும் என்பதே.

பெரிய பணம் பின்னால் இருந்தும் இதில் தோற்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய கட்டெரா, சாஃப்ட்பேங்க் உள்ளிட்டவர்களிடம் 200 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியும் 2021 ஜூனில் திவால் மனு கொடுத்தது. பிரிட்டனில் லீகல் அண்ட் ஜெனரல் என்ற பெரிய நிதி நிறுவனம் தன் வீட்டுத் தொழிற்சாலையில் புது உற்பத்தியை 2023 மே மாதம் நிறுத்தியது. அடுத்த மாதமே, அங்கே தொழிற்சாலையில் வீடு செய்துவந்த இல்க் ஹோம்ஸ் என்ற நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது.

ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் டைவா ஹவுஸ் 1959இலும் செகிசுய் ஹவுஸ் 1960இலும் இந்த வழியில் இறங்கி இன்றுவரை நிலைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் என்விஆர். சுவர்ச் சட்டங்களையும் கூரைச் சட்டங்களையும் தன் சொந்த ஆலைகளில் செய்கிறது, முழு வீட்டையும் அல்ல. நிலத்தை முன்கூட்டியே வாங்கிக் குவிக்காமல், முன்பணம் கொடுத்து வாங்கும் உரிமையை மட்டும் பிடித்து வைக்கிறது. அதாவது ஆலையில் பணம் முடங்கினாலும் நிலத்தில் முடங்கவில்லை. 2008, 2009இல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்தபோதும் அது லாபத்தில்தான் இருந்தது.

சரி, உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். கடந்த பத்து வருடத்தில் மிகக் குறைவாக விற்ற வருடத்தில் எத்தனை வீடு போனது என்று பாருங்கள். புதிய ஆலையின் கொள்ளளவு அதற்குள் அடங்கினால் நிம்மதி. அதைப்போல இரண்டு மடங்கு என்றால் கவலைப்பட வேண்டும். ஆலை கடனில் எழுகிறதா, கைப்பணத்திலா என்பதும் முக்கியம். அப்புறம் சரக்கிருப்பு. விற்பனை அதே அளவில் இருக்க, பாதி முடிந்த வேலையின் மதிப்பு மட்டும் ஏறினால், நான் சொன்ன யார்டு அங்கே உருவாகிறது என்று அர்த்தம். விற்ற வீட்டில் குறை வந்தால் சரிசெய்துகொடுக்கும் உத்தரவாதத்துக்கு ஒதுக்கும் தொகையையும் பாருங்கள். தொழிற்சாலையில் ஓர் இணைப்பு தவறாக வடிவமைக்கப்பட்டால் அந்தத் தவறு எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் பங்கை வைத்திருங்கள், புதிதாக வாங்க வேண்டாம். ஆலை முழுதும் கடனில், கொள்ளளவும் அதிகம் என்றால் பாதியை விற்று, அந்தப் பணத்தைப் பரவலாக முதலீடு செய்யும் ஒரு குறியீட்டு நிதிக்கு (இண்டெக்ஸ் ஃபண்ட்) மாற்றுங்கள். மகளின் வைப்பு முதிரும் தேதி கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்துக்கு முன்னால் வருகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பின்னால் வந்தால், கட்டணத்துக்கு முன்னால் முதிரும்படி காலத்தைக் குறைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.