67 வயது அம்மா ஃபுளூ ஊசி வேண்டாம் என்கிறாரா?

லண்டனில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரையும் உண்டு, 2020இல் கொரோனா பயத்தில் ஃபுளூ ஊசி போட்டுக்கொண்டவர் இப்போது "அந்த வருஷம் யாருக்கும் ஃபுளூவே வரவில்லையே, எதற்கு?" என்று மறுக்கிறார், அதுதானே உங்கள் கவலை? அவர் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களில் 2019-20 குளிர்காலத்தில் சுமார் 72 சதவீதம் பேர் போட்டார்கள், கொரோனா வந்ததும் அது கிட்டத்தட்ட 81 ஆனது, பயம் தெளிந்த பிறகு மறுபடி இறங்கிவிட்டது.

அம்மா சொல்வதில் பாதி உண்மை. 2020-21இல் ஃபுளூ ஏறக்குறைய காணாமல் போனது, ஆனால் அதற்குக் காரணம் ஊரடங்கும் மாஸ்க்கும் ஆட்கள் வெளியூர் போகாததும்தான். எல்லாம் திறந்ததும் 2022 டிசம்பரில் அங்கே மருத்துவமனைகள் ஃபுளூ நோயாளிகளால் திணறின. இதை அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

அப்புறம், போன தடவை ஊசி போட்ட இரவே காய்ச்சல் வந்தது என்கிறாரே, அது ஃபுளூ இல்லை. பெரியவர்களுக்குப் போடும் அந்த ஊசியில் உயிருள்ள வைரஸே கிடையாது. கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கும், அவ்வளவுதான். கொரோனா ஊசி ஃபுளூவைத் தடுக்காது, 2020இல் போட்ட ஃபுளூ ஊசியும் இன்றைக்கு உதவாது, ஏனென்றால் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது.

சரி, அக்டோபரிலேயே கூட்டிக்கொண்டு போங்கள், பலன் தெரிய இரண்டு வாரமாகும். டாக்டரிடம் நேரம் கிடைக்காவிட்டால் பக்கத்து மருந்துக்கடையில் கேளுங்கள், 65க்கு மேல் இலவசம்தான். முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.