ஊட்டியில் சின்ன ஐடி சேவை நிறுவனம் நடத்துகிறோம். வாடிக்கையாளர்களின் போன், இணைய பில்லிங்கையும் நாங்களே கையாள முடியுமா? எந்த மென்பொருள் வாங்கலாம்?

முடியும். ஆனால் மென்பொருள் கடைசி வேலை. பில் யார் பெயரில் வரப்போகிறது, எந்த இணைப்பு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்ற இரண்டும் தெளிவாகாத வரை எதை வாங்கினாலும் பில் தப்பாகத்தான் வரும்.

முதலில் பெயர். தொலைத்தொடர்புச் சேவையை வாங்கி உங்கள் சேவையாக விற்க உரிமம் வேண்டும்: ஐஎஸ்பி (இணையச் சேவை வழங்குநர்) உரிமம், அல்லது 2016-இல் வந்த விஎன்ஓ (பிற நிறுவனத்தின் வலையமைப்பில் சேவை விற்பவர்) உரிமம். அது இல்லாமல் ஒரு குன்னூர் ரிசார்ட்டுக்கு லைன் எடுத்து, மேலே லாபம் வைத்து "இணைய வாடகை" என்று பில் போடக் கூடாது. உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு நேரான வழி, இணைப்பு வாடிக்கையாளர் பெயரிலும் அவருடைய ஜிஎஸ்டி எண்ணிலும் இருப்பதுதான். பில் வரும் மின்னஞ்சல் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சரிபார்த்து, அவர் சார்பில் கட்டி, கட்டிய தொகையைப் பைசா மாறாமல் ஒரு வரியிலும், உங்கள் மேலாண்மைக் கட்டணத்தை 18 சதவீத ஜிஎஸ்டியுடன் இன்னொரு வரியிலும் காட்டுங்கள். சிஜிஎஸ்டி விதி 33 சொல்லும் 'ப்யூர் ஏஜென்ட்' (லாபம் வைக்காமல் அவருக்காகக் கட்டும் முகவர்) முறை இது; கட்டிய தொகை உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் சேராது. அவர் சார்பில் கட்டும் அதிகாரம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வாங்கினாலும் இந்த விலக்கு நிற்காது. பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. முதல் பில்லிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டு தொகையையும் ஒன்றாக்கிப் போட்டால் ஓட்டல்காரர்கள் முழுத் தொகைக்கும் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துவிடுவார்கள், உங்கள் கைக்காசு மாட்டிக்கொள்ளும்.

அடுத்து பதிவேடு. இணைப்புக்கு ஒரு வரி: சேவை எண் அல்லது சர்க்யூட் ஐடி (லீஸ்டு லைனின் அடையாள எண்), கட்டடம், திட்டம், மாத வாடகை, தொடங்கிய தேதி, ஒப்பந்தம் முடியும் தேதி. எண்ணை எஸ்டிடி குறியீட்டோடு எழுதுங்கள். ஊட்டி, குன்னூர் 0423, கோத்தகிரி 04266, கூடலூர் 04262. ஒரே தேயிலைக் கம்பெனிக்குப் பல ஊரில் லைன் இருக்கும். மாதாமாதம் வரும் பில்லை இதோடு ஒப்பிட்டால் இரண்டு வகைப் பிழை கிடைக்கும். பில்லில் இருக்கும், பதிவேட்டில் இருக்காது: யாரும் தொடாத பழைய ஃபேக்ஸ் லைன், சரண்டர் செய்தும் மோடத்தைத் திருப்பிக் கொடுக்காததால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு. பதிவேட்டில் இருக்கும், பில்லில் இருக்காது: இதைக் கண்டு சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள், பிறகு நிலுவை சேர்ந்து ஒரே பில்லாக வரும்.

மலையில் சீசன் கணக்கும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வேகத்தை உயர்த்துவார்கள், கூட்டம் குறைந்ததும் இறக்குவார்கள். பெரும்பாலும் வாடகை முன்கூட்டியே, பேச்சுக் கட்டணம் பிறகு. ஜூன் 18-இல் தொடங்கிய 3,000 ரூபாய் லைனுக்கு ஜூன் மாதப் பங்கு 13 நாள், 1,300 ரூபாய். ஜூலை வாடகையும் சேர்ந்து 4,300, வரியோடு 5,074. முதல் பில் மாத வாடகையை விட ஏன் அதிகம் என்று எல்லோரும் கேட்பார்கள். பில்லிலேயே அந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

வாடிக்கையாளரிடம் ஆஸ்டரிஸ்க் அல்லது ஃப்ரீபிபிஎக்ஸ் (அலுவலக உள்தொலைபேசி மென்பொருள்) ஓடினால், அதன் சிடிஆர் (ஒவ்வொரு அழைப்பின் விவரம்) பதிவை வைத்துத் தொலைபேசி நிறுவனம் போடும் பேச்சுக் கட்டணத்தைச் சோதிக்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான். 'டியூரேஷன்' என்ற பத்தியில் மணி அடித்த நேரமும் சேர்ந்திருக்கும். கட்டணத்துக்கு உரியது, எடுத்த பிறகு பேசிய நொடிகளான 'பில்செக்'. பழைய செம்பு லைன் எஃப்எக்ஸ்ஓ கேட்வே (அனலாக் லைனை மென்பொருளோடு இணைக்கும் கருவி) வழியாக வந்தால் பில்செக்கையும் நம்ப முடியாது. எதிர்முனையில் எடுத்தார்களா என்பது அனலாக் லைனில் தானாகத் தெரியாது, எண் அழுத்தி முடித்ததுமே 'எடுத்தாயிற்று' என்று பதிவாகிவிடும். எதிர்முனையில் எடுத்ததும் எக்ஸ்சேஞ்சிலிருந்து போலாரிட்டி மாற்றம் (லைன் மின்னழுத்தத்தின் திசை மாறும் சமிக்ஞை) வரும்படி கேட்டு, கேட்வேயிலும் அதை இயக்கினால்தான் சரியான நேரம் கிடைக்கும். டேட்டா இணைப்பு வழியாக வரும் எஸ்ஐபி ட்ரங்கில் இந்தத் தொல்லை இல்லை.

சர்வர் நேரம் யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்தால் ஜூலை 1 அதிகாலை 2 மணிக்குப் பேசியது ஜூன் 30 இரவு 8.30 என்று பதிவாகி, முந்தைய மாதக் கணக்கில் விழும். ஒரு அழைப்பை வேறு எக்ஸ்டென்ஷனுக்கு (உள் எண்ணுக்கு) மாற்றினால் இரண்டு பதிவு வரும்; இரண்டுக்கும் பொதுவான 'லிங்க்ட் ஐடி'யை வைத்துச் சேர்க்காவிட்டால் இரட்டிப்பாக எண்ணுவீர்கள். பல்ஸ் (கட்டணம் கணக்கிடும் கால அலகு) எவ்வளவு என்றும் பாருங்கள். தலா 40 நொடியில் 1,000 அழைப்பு என்றால் நிமிடப் பல்ஸில் 1,000 நிமிடம், நொடிப் பல்ஸில் 667. வெளிநாட்டு அழைப்புக்கு மிக நீளமாகப் பொருந்தும் முன்குறியீட்டின் விலையை எடுக்க வேண்டும். பிரிட்டனின் 44-க்கு ஒரு விலை, அங்குள்ள மொபைலின் 447-க்கு வேறு விலை இருக்கும். வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத எக்ஸ்டென்ஷனில் அதை அடைத்தே வையுங்கள். பலவீனமான கடவுச்சொல் வழியாக யாராவது நுழைந்தால் ஒரே இரவில் பில் லட்சத்தைத் தொடும்.

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் ஃபைபரும் அறுபடும். லீஸ்டு லைனுக்கு (தனியாக ஒதுக்கிய இணைப்புக்கு) எஸ்எல்ஏ (சேவைத் தர உத்தரவாதம்) உண்டு, சாதா பிராட்பேண்டுக்கு பெரும்பாலும் கிடையாது. 99.5 சதவீத நேரம் இயங்கும் என்று உத்தரவாதம் என்றால், 30 நாளில் லைன் 3.6 மணி நேரம் மட்டுமே நிற்கலாம். புகார் எண், நின்ற நேரம், வந்த நேரம் மூன்றையும் அன்றன்றே குறித்தால்தான் கழிவு கேட்க முடியும். தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து உங்களுக்குக் கிடைக்காத உத்தரவாதத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதீர்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, இருபது வாடிக்கையாளர் வரை விரிதாளும் டேலி கணக்கு மென்பொருளும் போதும். பேச்சுக் கட்டணத்தை நீங்களே கணக்கிட வேண்டிய அளவு வளர்ந்தால் ஏஎஸ்டிபிபி (ASTPP) மாதிரித் திறந்த மூலத் தொலைபேசி பில்லிங் மென்பொருளைப் பார்க்கலாம். மென்பொருள் செலவை விட நீங்கள் முன்னால் கட்டும் பணம்தான் பெரிது: சீசன் இல்லாத மாதங்களில் ரிசார்ட்டுகள் தாமதமாகத்தான் கொடுக்கும், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கெடு தேதி காத்திருக்காது. இரண்டு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.