2ஏ3 ஆம்ப்: வால்வை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள்
டர்பன் சாட்ஸ்வர்த் அண்ணா, உங்கள் 2ஏ3 வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பில் மிருதங்கம் மொத்தையாகக் கேட்கிறது, வால்வை மாற்றலாமா என்கிறீர்கள். வேண்டாம், அந்த ராண்டை மிச்சம் பிடியுங்கள். சிங்கிள் எண்டடில், அதாவது ஒரே வால்வு ஒலி அலை முழுவதையும் பெருக்கும் அமைப்பில், 2ஏ3 தருவது 3.5 வாட்தான். உங்கள் ஸ்பீக்கர் 86 டெசிபல், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம்; 3.5 வாட்டில் அது 91. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 82 பக்கம், அறை கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் அடியோ சராசரிக்கு மேல் 10–15 டெசிபல் எகிறும். அதற்கு இடமில்லாததால் ஆம்ப் அடியின் முனையை வெட்டிவிடுகிறது.

96 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் இதே ஆம்ப், இப்போதைய ஸ்பீக்கரில் 35 வாட் ஆம்ப் ஒலிப்பது போல ஒலிக்கும். இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) வரைபடத்தையும் பாருங்கள். 8 ஓம் என்று எழுதிவிட்டு 3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கர் ஆகாது. பழையது வாங்கினால், டர்பன் ஈரக்காற்றில் கூம்பைச் சுற்றிய ஃபோம் விளிம்பு பொடிந்திருக்கும், விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். துணி விளிம்பு என்றால் கவலையில்லை. வயர் மாற்றும்போது ஆம்ப்பை அணையுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.