கடைசி நாட்களில் சாப்பிட மறுப்பவருக்கு டிரிப்ஸ் போட வேண்டுமா?

"மூணு நாளா ஒண்ணும் சாப்பிடல, டிரிப்ஸாவது போடுங்களேன்" என்று வலிதணிப்புச் செவிலியரிடம் கேட்காத குடும்பமே இல்லை. பெரும்பாலும் தேவையில்லை. உடல் இயக்கம் அடங்கிவருவதால் பசி நிற்கிறது. பட்டினியால் உயிர் போவதில்லை. செவிலியர் இதை உட்கார்ந்து, நிதானமாகச் சொல்ல வேண்டும். வாசலில் நின்றபடி சொன்னால் யார் காதிலும் ஏறாது. இந்தக் கட்டத்தில் ஏற்றும் திரவம் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் தேங்கி மூச்சைச் சிரமப்படுத்தலாம். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம்.

ஆனால் வாய் வறட்சி நிஜமான வேதனை. குடும்பத்தாரிடம் ஒப்படைக்க ஏற்ற வேலையும் வாயை ஈரமாக வைத்திருப்பதுதான், ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல் அவர்களுக்கும் வேண்டுமே. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மென்மையான பிரஷை நனைத்து, சொட்டாதபடி உதறி, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு என்று மெதுவாகத் துடைக்கலாம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். எலுமிச்சை கலந்த கிளிசரின் வேண்டாம், இன்னும் உலர்த்தும். துடைத்தும் போகாத வெள்ளைப் படலம் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து உண்டு.

தொண்டையில் கரகரவென்று கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கேட்பவரைத்தான் அது பதறவைக்கும், நினைவிழந்தவருக்குப் பொதுவாகத் தெரிவதில்லை.

விழுங்க முடியவில்லை என்று வலி மருந்தான மார்ஃபினைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். வலி திரும்பிவிடும். தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.